எதிர்ச்சுவர் இல்லாத கிணறு

செய்தி வந்தபோது நான் கோமதியுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கடலாமை நீலத்துக்குள் சாவகாசமாகப் போகிறது. பக்கத்தில் பவளப்பாறைச் சுவர். மூலையில் அவளுடைய மஞ்சள் துடுப்புக்கால் ஒன்று மட்டும் தெரிகிறது. என் மடியில் மகள் இட்லியைத் துப்பிக்கொண்டிருந்தாள். இவளுக்கென்ன, லீவு நாளானால் ஆமையோடு போவாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் கோமதியின் அம்மா அழைத்தார்கள்.

"இசக்கி... நம்ம கோமதி போயிட்டாளாம்ட்டி."

அவள் இருந்த தீவில், ஆஸ்பத்திரி வேலை முடிந்து காரில் வீட்டுக்கு வரும் வழி. மழை. வளைவில் எதிரே ஒரு லாரி. அதற்குமேல் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த ஸ்டேட்டஸ் மறுநாள் வரை இருந்தது. அவள் போன பிறகும் ஆமை என் கைப்பேசியில் நீந்திக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

நம் விலங்கியல் வகுப்புத் தோழிகளே, நீங்கள் எல்லோரும் அவளைப் பற்றி எழுதிவிட்டீர்கள். நான்தான் கடைசி. நெருங்கியவள் நீதானே, ஏன் எழுதவில்லை என்று கேட்டவர்களிடம் மகளுக்குச் சளி, பிறகு அது எனக்கு என்று சொன்னேன். எழுத உட்காரும்போதெல்லாம் அஞ்சலியாக வராமல் புகாராகவே வந்தது என்பதுதான் விஷயம். பொறாமையைக் கழித்துவிட்டு அவளை எழுத எனக்குத் தெரியவில்லை. கழிக்காமலே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடல் அவளைக் கொண்டுபோய்விட்டது என்று சங்கரன்கோவிலில் பேசுகிறார்கள். மருந்துக் கடையில் ஒரு அண்ணாச்சி, "கடலுக்குள்ள முங்குத புள்ளதான, பெறகு என்ன ஆவும்?" என்றார். கடல் அவளை ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் பத்திரமாகத் திருப்பி அனுப்பியது. கொண்டுபோனது ரோடு. நம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே கிடக்கிறதே, அந்த மாதிரி ஒரு சாதாரண ரோடு.

எங்கள் பக்கத்தில் சங்கரன்கோவில் அம்பாளின் பெயரை வைக்காத வீடு குறைவு என்பதால் நம் வகுப்பில் மூன்று கோமதி இருந்தார்கள். இவள் கரிவலம் கோமதி. விடுமுறை வந்தால் நான் கரிவலம்வந்தநல்லூருக்குப் பஸ் ஏறிவிடுவேன். அவர்கள் தோட்டத்துக் கிணறு பாறையை வெட்டி இறக்கியது. ஒரு பக்கம் படி, மற்ற மூன்று பக்கமும் நேர்ச்சுவர். மோட்டார் மேடையிலிருந்து குதித்து, அடிவரை போய், ஒரு கை சகதியை அள்ளிக்கொண்டு வந்து அவள் பாதத்தில் அப்புவேன். அவள் கடைசிப் படியில் கணுக்கால் மட்டும் நனைய உட்கார்ந்திருப்பாள். நான் மேலே வரக் கொஞ்சம் தாமதமானால் கிணறே அதிரக் கத்துவாள்.

"ஏட்டி இசக்கி! செத்துட்டியா? சொல்லிட்டாவது சாவுட்டி!"

நான் வேண்டுமென்றே தாமதிப்பேன். தம் கட்டுவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. கடைசியில் அவளும் நீந்தப் பழகினாள். ஆனால் நான் முன்னால் குதித்து, கீழே அவள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மிதந்தால்தான் தண்ணீரில் இறங்குவாள்.

கல்விச் சுற்றுலாவில் மன்னார் வளைகுடாவுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடி அடிப்படகில் நாமெல்லாம் உள்பக்கம் குனிந்து பவளம் பார்த்தோம். கோமதி வெளிப்பக்கம் குனிந்து வாந்தி எடுத்தாள். "ஒண்ணாவது பாத்தியாட்டி?" என்று கேட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "நீ பாத்துச் சொல்லு, அது போதும்" என்றாள். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. நான் பார்ப்பேன், அவள் கேட்பாள். கடைசிவரை அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆய்வகப் படிப்பு ஒன்றை முடித்து முதலில் கல்ஃபுக்குப் போனாள்; அங்கிருந்து கரீபியன் கடலில் ஒரு தீவு, அதன் ஆஸ்பத்திரியில் ஆய்வக வேலை. எனக்குக் கல்யாணமாகி சங்கரன்கோவிலில் வீடு அமைந்தது. அந்தத் தீவில் கூட வேலை பார்த்த டெனிஸ் என்ற நர்ஸ் அவளை டைவிங்குக்கு இழுத்துப் போயிருக்கிறாள். படிப்படியாக, பார்ப்பவள் அவளாகவும் கேட்பவள் நானாகவும் மாறிப்போனோம்.

பயிற்சியின் முதல் நாளே கோமதி திட்டு வாங்கினாளாம். முதுகில் சிலிண்டர், வாயில் காற்றுக்குழாய், நீச்சல்குளத்தில் இடுப்பளவுத் தண்ணீர். தலையை உள்ளே விட்டதுமே தம் கட்டிவிட்டாள். கிணற்றங்கரையில் வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? பயிற்சியாளர் தோளைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறார். அங்கே செய்யவே கூடாத தப்பு அதுதான். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

"தம் கட்டாத, விட்டுக்கிட்டே இரு. மொதப் பாடமே அதான் பாத்துக்கோ" என்று போனில் சிரித்தாள். "நீ வந்தேன்னா உன்ன அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்கட்டி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடம் இருந்த ஒரே கெட்டிக்காரத்தனத்தை உதவாது என்று சொல்லிவிட்டாளே என்று இருந்தது.

பேச்சுக்குப் பேச்சு சுவர் என்கிறாளே, அது என்ன என்று ஒருநாள் கேட்டேன். "படகுலருந்து இறங்குனா கீழ பாறைமேடு. ஏழெட்டு ஆள் ஆழம் இருக்கும். கடல்விசிறி, பெரிய பெரிய நெல் குதிரு மாதிரி கடற்பஞ்சு. கிளிமீன் பவளத்தக் கடிக்க சத்தம் காதுல கேக்கும்ட்டி, எங்க மாமா முறுக்கு கடிக்க மாதிரி. அப்படியே போயிட்டே இருந்தா திடீர்னு தரை முடிஞ்சிரும். நம்ம கிணத்துச் சுவரு மாதிரி நேரா கீழ. ஆனா எதிர்ச்சுவரு கிடையாது. அடியும் கிடையாது. வெறும் நீலம்."

"பயமா இல்லையாட்டி?"

"இல்ல. மொதத் தடவையே ஒரே போக்கா போயிட்டேன்."

அன்று முழுவதும் எனக்குச் சமையல் ஓடவில்லை. படியில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அடியில்லாத கிணற்றில் ஒரே போக்காகப் போகிறாள். நான் வீட்டில் எந்த வாளியிலும் தண்ணீர் நிறைத்து வைப்பதில்லை, குழந்தை தவறி விழுந்துவிடும் என்று. குழாயில் விட்டுவிட்டுத் தண்ணீர் வருகிற ஊரில் வாளியைக் கவிழ்த்து வைக்கிற ஒரே பைத்தியம் நீதான் என்று என் மாமியார் தினமும் சொல்கிறார்கள்.

இன்னொரு முறை ஆழத்தில் ஏதோ உரசி அவள் விரலில் கீறிவிட்டது. ரத்தம் பச்சையாக வந்ததாம். ஆழம் போகப் போகச் சிவப்பு ஒளிதான் முதலில் வடிகட்டப்படும் என்று பரீட்சையில் படம் போட்டு எழுதியவள் நான். அவள் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டு வந்தவள். நான் எழுதியதை அவள் தன் விரலில் பார்த்திருக்கிறாள்.

எல்லாவற்றையும்விட டெனிஸ்மேல்தான் எனக்குப் பொறாமை அதிகம். டைவிங்கில் தனியாக இறங்கக் கூடாது; கூட்டாளி வேண்டும். இறங்குமுன் ஒருத்தியின் வார்களை மற்றவள் இழுத்துப் பார்ப்பாள், சிலிண்டர் திறந்திருக்கிறதா என்று சோதிப்பாள். கீழே ஒருத்திக்குக் காற்று தீர்ந்தால் மற்றவள் தன் காற்றைக் கொடுப்பாள். கோமதி இதை விவரித்தபோது, அது என் இடம் என்று தோன்றியது. சொல்லவில்லை. "அந்தப் புள்ள பத்திரமா பாத்துக்கிடுதாளா?" என்று மட்டும் கேட்டேன்.

கோமதியின் அம்மாவை எல்லோருக்கும் தெரியும். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பாறை இடுக்கிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்க்கும் ஒரு விலாங்கின் படத்தை கோமதி அனுப்பியிருந்தாள். அத்தை அன்றே நம் கோவிலுக்கு வந்து, விஷப்பூச்சி தீண்டாமலிருக்கப் போடுவார்களே, அந்த வெள்ளிப் பாம்பு ஒன்றை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டார்கள்.

"அத்தை, அது பாம்பு இல்ல. மீனு" என்றேன்.

"தெரியும்ட்டி, எனக்கு மீனு தெரியாதா? கடையில மீனு விக்கலையே. அதான் பாம்ப வாங்கிப் போட்டேன். அம்பாளுக்குப் புரியும்."

போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு கோமதி வந்திருந்தாள். என் மகள் நிவிக்கு ஒரு சின்ன நீச்சல் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் கொண்டுவந்தாள். நிவி அதை மாட்டிக்கொண்டு வீடெல்லாம் நீந்தினாள். கோமதியைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். அதற்கும் வயிறு எரிந்தது.

"நீ ஒரு தடவ வாயேன்ட்டி" என்றாள் கோமதி. "சுவரு ஓரத்துல சும்மா எட்டிப் பாத்துட்டு வந்திரலாம்."

"நிவிய யாரு பாக்கா? அவளுக்கு மூச்சு இளைப்பு வந்தா?"

"ஒம் மாப்பிள்ளைக்குக் கை இல்லையா? ரெண்டும் நல்லாத்தான இருக்கு, பிரியாணி திங்கும்போது பாத்தேனே!"

உள்ளே இருந்த என் கணவருக்குப் புரையேறியது. அவள் தணிந்த குரலில், "நீ இங்கனயும் தம் கட்டிக்கிட்டே இருக்கட்டி. அந்தப் புள்ள இருமுனா நீ மூச்சு விட மாட்டேங்க. விடு" என்றாள். அவள் பஸ் ஏறியதும் நான் அந்தக் கண்ணாடியை நிவியின் கைக்கு எட்டாமல் பீரோ மேல் வைத்துவிட்டேன்.

பதினாறாம் நாள் கரிவலத்தில் எல்லாம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது டெனிஸ் வீடியோவில் வந்தாள். கைப்பேசியை ஒரு செம்பில் சாய்த்து வைத்தார்கள். கோமதியின் படத்துக்கு முன்னால் அத்தையும் நானும். இங்கிலீஷ் பேசுகிறவள் என்று என்னை உட்கார வைத்திருந்தார்கள். டெனிஸ் எங்களைவிடப் பெரியவள். நரை விழுந்த முடி, அழுது வீங்கிய கண்கள். அவளைப் பிடிக்காமல் இருக்க நான் தயாராகத்தான் இருந்தேன்.

அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். "எம் பொண்ணு அங்கன பயந்தாளான்னு கேளுட்டி."

நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். இல்லை என்ற பதிலை எதிர்பார்த்தேன். ஒரே போக்காகப் போனவள்தானே. டெனிஸ், பயந்தாள் என்றாள். "முதல் முறை சுவரின் ஓரம் வரை வந்து, என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். திரும்பிப் போய்விட்டோம். அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கடுத்த முறையும்."

நான் மொழிபெயர்ப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். கோமதியின் பயம் என்னிடம் இருக்கிறது, என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அதையும் இந்த நரைமுடிக்காரியிடம் கொடுத்திருக்கிறாள். என்னிடம் பொய் சொல்லிவிட்டு, இவளிடம் கையைக் கொடுத்திருக்கிறாள்.

"என்னட்டி சொல்லுதா? நிறுத்தாத, சொல்லு" என்றார்கள் அத்தை.

சொன்னேன். டெனிஸ் தொடர்ந்தாள். "கடைசியில் ஒருநாள் படகில் வைத்து கோமதி ஒரு யோசனை சொன்னாள். 'எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். அவள் முன்னால் குதித்துக் கீழே நிற்பாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டே இறங்குவேன். நீ அவளாக இரு' என்றாள். நான் ஓரத்தைத் தாண்டிக் கொஞ்சம் கீழே போய், அவளுக்குத் தெரிகிற மாதிரி மிதந்தேன். அவள் வந்தாள். அதற்குப் பிறகும் எப்போதும் நான்தான் முன்னால். நீங்கள்தான் அந்தத் தோழியா?"

இதை அத்தைக்குச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தவள் தம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பந்தியில் யாரோ ரசம் கேட்டார்கள். செம்பிலிருந்து கைப்பேசி மெல்லச் சரிந்தது. அத்தை என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்கள்.

"மொதல்ல மூச்ச விடுட்டி. பெறகு சொல்லு."

விட்டேன். பிறகு சொன்னேன். அத்தை கோமதியின் படத்தைப் பார்த்து, "ஏட்டி, இவகிட்ட சொல்லிருக்கலாம்லா" என்றார்கள்.

மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வந்தது. துணி அலசும் நீலப் பிளாஸ்டிக் தொட்டியை முற்றத்தில் போட்டு விளிம்புவரை நிறைத்தேன். மாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பீரோ மேலிருந்த கண்ணாடியை எடுத்துத் தூசி துடைத்து நிவிக்கு மாட்டிவிட்டேன். மூச்சுக்குழாயைக் கடித்துக்கொள்ளச் சொல்லி, "தம் கட்டாத மக்கா, விட்டுக்கிட்டே இரு" என்றேன். அவள் முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். குழாய் வழியாக அவள் மூச்சு புஸ்ஸு புஸ்ஸென்று ஒவ்வொன்றாகக் கேட்டது. இவளுடைய மூச்சை இவ்வளவு தெளிவாக நான் எந்த டாக்டர் வீட்டிலும் கேட்டதில்லை.

தோழிகளே, உங்களிடம் கோமதியின் படங்கள் இருக்கும், அவள் வாங்கிவந்த சாக்லேட் டப்பாக்கள் இருக்கும். என்னிடம் இருப்பது அந்தக் கிணற்றுப் படியில் அவள் போட்ட கூச்சலும், மூச்சை விடு என்ற ஒரு பேச்சும், அவளும் டெனிஸும் பார்த்ததை நான் பார்க்கவில்லையே என்ற எரிச்சலும்தான். அந்த எரிச்சலை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

நிவி தலையைத் தூக்கவே இல்லை. பொறுக்க முடியாமல் தோளைத் தொட்டேன். "என்னட்டி தெரியுது? தள்ளு, அம்மாவும் பாக்கேன்."

குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இரும்மா, நான் பாத்துச் சொல்லுதேன்" என்றாள். மறுபடி முங்கிவிட்டாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. மூச்சை விட்டுக்கொண்டே நின்றேன்.