வெடிப்பில் ஒட்டிய கண்ணாடி

ஊர்காவற்றுறையில் கடலைப் பார்த்தபடி நிற்கும் அந்தப் பழைய தேவாலயத்தை அளந்து படம் கீற என்னை அனுப்பியிருந்தார்கள். அத்திவாரம் போர்த்துக்கேயர் காலத்தது என்றார் பங்குத்தந்தை. அதன்மேல் கடலில் வெட்டியெடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த மூன்றடித் தடிப்புச் சுவர். சண்டை முடிந்தபிறகு திருத்தியவர்கள் சீமெந்து பூசிவிட்டிருந்தார்கள். வெளியே வெள்ளை வெளேரென்றிருந்தது. ஓரிடத்தில் பூச்சைச் சுரண்டினேன். உள்ளிருந்த சாந்து ஈரமணலாகக் கொட்டியது. சீமெந்து அடைத்ததால் சுவர் காய வழியில்லாமல் உள்ளேயே உக்கிப்போயிருந்தது.

பீடத்துக்கு முன்னாலிருந்த பெரிய வளைவில் ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டுகளை ஒட்டினேன். வளைவு அசைந்தால் கண்ணாடி உடையும். இரண்டு கிழமை கழித்துப் போனபோது மூன்றும் உடைந்திருந்தன.

திருநாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

"உள்ளுக்குப் பூசை வைக்க ஏலாதோ, பிள்ளை?" என்றார் பங்குத்தந்தை.

"ஏலாது பாதர். மணியும் அடிக்கக் கூடாது."

கோயிலைக் கவனிக்கும் அண்ணை, விடியப்புறம் கடலுக்குப் போய்வருகிற மனிசன், என்னை முறைத்தார். "ஷெல் விழுந்தும் நிண்ட கோயில். உம்மட கண்ணாடித் துண்டுக்குப் பயந்து பூட்டவோ?"

பாதர் பூட்டினார். முற்றத்தில் பந்தல் போட்டு, மணி அடிக்காமலே திருநாள் நடந்தது. ஒன்றும் விழவில்லை. கும்பிட வந்த சனம் பூட்டிய கதவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தது. எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அதனால்தான், சனம் கலைந்தபிறகு அந்த அண்ணை வந்து, "பீடத்தில நிக்கிற புனிதர் சுருவங்களில தூசி படிஞ்சு கிடக்கு. நாளைக்கு ஒருக்காப் போய்த் துடைக்கட்டோ?" என்று கேட்டபோது, "துடைச்சிட்டுக் கெதியா வெளியில வந்திடுங்கோ" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிரவு முழுக்க மழை. காலையில் பாதர் எனக்குப் போன் எடுத்தார்.

வளைவு பீடத்தின்மேல் விழுந்திருந்தது. கல்லுகளுக்குள்ளிருந்து அண்ணையை உயிரோடுதான் இழுத்தெடுத்தார்கள். வலது காலைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆசுப்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். அவர்தான் முதலில் பேசினார். குரலில் கோபமே இல்லை.

"போகலாமெண்டு நீர்தானே சொன்னனீர், தங்கச்சி?"

"ஓம்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார்.