கொடுத்த பிஸ்கட் திரும்பி வரும் வீடு

இரண்டு வயது முடிவதற்குள் என் மகளை ஒரு பெரிய வள்ளலாக ஆக்கிவிடுவது என்று என் மாமியார் வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். வீடு திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில். சனிக்கிழமை சேலத்திலிருந்து போய் இறங்கினால், குழந்தை கையில் ஒரு பிஸ்கட் இருந்தால் போதும். வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் கையை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

"சாமி, எனக்கொண்ணு குடுங்க சாமி" என்பார் மாமனார். போர்வெல் லாரி ஓட்டி ஊர் ஊராக ஆட்களை அதட்டிய குரல், அந்த நேரத்துக்கு மட்டும் இரண்டு நாள் பட்டினி கிடந்தவர் குரலாகிவிடும். குழந்தை நீட்டுவாள். அவர் குனிந்து 'ஆம்' என்று ஒரு பொய்க் கடி கடித்து, "எங்க சாமி தங்கம்" என்று பிஸ்கட்டை அவள் கையிலேயே திருப்பி வைப்பார். அடுத்து மாமியார், அப்புறம் கொழுந்தனார், பக்கத்து வீட்டு அக்கா, பால் ஊற்ற வந்தவர். ஆறேழு பேர் தின்ற பிறகும் பிஸ்கட் முழுசாக இருக்கும். கொஞ்சம் ஈரமாக, அவ்வளவுதான்.

என்றைக்காவது அவள் தரமாட்டேன் என்று கையைப் பின்னால் கொண்டுபோனால், "இந்தக் கொணம் யாரைக் கொண்டு வந்துச்சோ" என்று ஒரு கேள்வி எழும். எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்க ரொம்பவும் சிரமப்படுவார்கள்.

அவர்களுடைய சந்தேகம் நியாயமானதுதான். நான் சேலம் அம்மாபேட்டை. தறி வீட்டில் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளோடு ஒரே கூட்டமாக வளர்ந்தவள். எங்கள் வீட்டில் யாராவது கையை நீட்டினால் நிஜமாகவே வாங்கித் தின்றுவிடுவார்கள். போண்டாப் பொட்டலம் பிரிக்கும்போது அடுத்த அறையில் இருந்தவளுக்குக் காகிதம்தான் மிஞ்சும். இன்றைக்கும் இடது கையால் தட்டைச் சுற்றி வளைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். கல்யாணமான புதிதில் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, உன்ற தட்டை யாரு புடுங்கறா?" என்று கேட்டார். யாரும் பிடுங்கவில்லை என்று கைக்குத் தெரியவில்லை. என் மகளுக்கு இந்தக் கை மட்டும் வரக்கூடாது என்று நினைத்தேன். அதனால்தான் அந்தப் பொய்க் கடி நாடகத்தை மனதுக்குள் கேலி செய்தாலும் வாயைத் திறக்கவில்லை.

இந்த ஜூனில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ப்ளே ஸ்கூலில் அவளைச் சேர்த்தோம். முதல் வாரமே டீச்சர் கூப்பிட்டார். "ஸ்நாக்ஸ் டைம்ல தினமும் அழறா மேடம். டப்பாவும் காலி, பசிக்குதுன்னும் சொல்றா."

மறுநாள் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். டப்பாவைத் திறந்ததும் அவள் தன் நான்கு பிஸ்கட்டையும் நான்கு பிள்ளைகளிடம் நீட்டினாள். அவர்கள் வாங்கித் தின்றார்கள், பிள்ளைகள் வேறென்ன செய்யும். என் மகள் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாயாகப் பார்த்தபடி காத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஊரில் கொடுத்த பிஸ்கட் திரும்பி வந்துவிடும். கை காலியாகவே இருந்தது. உதடு கோணிற்று.

அன்று சாயங்காலமே பாடம் நடத்தினேன். "யாரு கேட்டாலும் குடுக்காத. டப்பாவை இப்படி அணைச்சுப் புடிச்சுக்க" என்று என் இடது கையை வளைத்துக் காட்டினேன். மாதக் கணக்கில் சொல்லியும் 'அ' வராத குழந்தைக்கு இது ஒரே நாளில் வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத் தோசை தின்னும்போது அவள் கை தட்டைச் சுற்றி வளைந்திருந்ததைக் கணவர் பார்த்தார். "அம்மாபேட்டை வந்துருச்சு" என்றார். நானும் சிரித்தேன். அப்புறம் சமையலறைக்குள் போய்விட்டேன், அழுகை வந்துவிட்டது.

சனிக்கிழமை திருச்செங்கோட்டில் மாமனார் வழக்கம்போல் கையை நீட்டினார். மகள் பிஸ்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். கேள்வி வருவதற்குள் நானே ஆரம்பித்துவிட்டேன். ஸ்கூலில் பார்த்ததைச் சொல்லி, "நாம யாரும் நெசமாத் திங்கறதே இல்லைங்க மாமா. அதான் புள்ள ஏமாந்து போச்சு" என்றேன்.

அவர் நீட்டிய கையை இறக்கினார். "அப்ப நெசமாத் திங்கோணுங்கற."

"ஆமாங்க மாமா."

"எனக்குச் சக்கரை இருக்குதே அம்முணி."

"பாதி தின்னுங்க."

அவர் தன் தட்டிலிருந்த முறுக்கை ஒடித்து அவளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். அவள் தின்றாள். பிறகு அவர் கையை நீட்டினார். அவள் நெடுநேரம் கணக்குப் போட்டுவிட்டு பிஸ்கட்டைத் தந்தாள். அவர் பாதியைக் கடித்து, மென்று, விழுங்கினார். மிச்சப் பாதிதான் அவள் கைக்கு வந்தது. அவள் அவர் மடியில் ஏறி, கீழுதட்டை இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வீடு இடிகிற மாதிரி அழுதாள். கணவர் பிஸ்கட் டப்பாவை எடுக்க எழுந்தார், நான் முறைத்ததும் உட்கார்ந்தார். "பாவம், பச்சப் புள்ளைக்கு நெசத்தைக் காட்டறாளாம் நெசத்தை" என்று மாமியார் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மத்தியானம் தூங்கி எழுந்தவளுக்கு இன்னொரு பிஸ்கட் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். இடது கை வளைந்திருந்தது. எல்லாம் நம்மால் வந்த வினை என்று நினைத்துக்கொண்டு துணி மடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்தாள். பிஸ்கட்டை இரண்டாக உடைத்திருந்தாள். பெரிய துண்டைத் தனக்கு வைத்துக்கொண்டு (எங்கள் அம்மாபேட்டைதான், சந்தேகமில்லை) சின்னதை என்னிடம் நீட்டினாள். நான் பழக்க தோஷத்தில் 'ஆம்' என்று பொய்க் கடி கடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் வாங்கவில்லை. என் கையைப் பிடித்து என் வாய்க்கே தள்ளினாள்.

"நெசமா" என்றாள்.

தின்றேன். நான் விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம்தான் தன் துண்டை வாயில் வைத்தாள்.