சக்கரவர்த்திக்குப் பதினொரு மகன்கள்

எங்கள் வீட்டுக்கு ‘ராஜா வீடு’ என்று பெயர். அரண்மனையைத் தேடி வந்துவிடாதீர்கள். அலோர்ஸ்டார் மெர்கோங்கில் இரண்டு அறை, வாசலில் நான் நாசி லெமாக் சோறு விற்கும் மேசை, அவ்வளவுதான். பெயர் தாத்தாவால் வந்தது. பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், திருவிழா வந்தால் ராஜாவாகிவிடுவார். நாடகமும் அவரே கட்டியது. செம்பொன்னாபுரி என்று ஒரு சாம்ராஜ்யம், ஏழு கடல், பறக்கும் குதிரை, எல்லாவற்றுக்கும் சக்கரவர்த்தி எங்கள் தாத்தா. அந்தத் தோட்டத்துக் கோயிலுக்கு அடுத்த மாதம் கும்பாபிஷேகம். ‘மக்களைக் காத்த ராஜா’ என்று தாத்தா பேரில் முன்சுவரில் ஒரு கல் பதிப்பதாகக் குடும்பத்தில் முடிவு செய்தோம். இடத்தை அளந்து வர, போன சனிக்கிழமை நானும் தம்பி சேகரும் கிளம்பினோம்.

பீடோங்குக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் போகாதீர்கள், டோல்தான் மிச்சம். குருண் வழியாகப் பழைய சாலையில் போனால் ஒரு மணி நேரம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, எட்டே காலுக்குப் பீடோங் கடையில் ரொட்டி சானாய் தின்றோம். இரண்டு பேருக்கும் தேநீரோடு எட்டு வெள்ளி. சேகர் மூன்று தின்றான். “இளவரசருக்குப் பசி தாங்காது” என்று சொல்லிச் சிரித்தேன். கடைக்கார அண்ணன் தோட்டத்துக்கு வழி சொன்னார். “நேரா போம்மா, எட்டு கிலோமீட்டர். கடைசி ரெண்டும் மண் ரோடு. மழன்னா கெரேத்தா மாட்டிக்கும் லா.” மழை இல்லை, கார் மாட்டவில்லை. இப்போது அங்கே பால்மரம் கொஞ்சம்தான், இரண்டு பக்கமும் செம்பனை.

தாத்தா மக்களைக் காத்த கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பான்காரன் காலம். வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிப்போன பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி வந்து உட்கார்ந்தான். ரப்பர் பால் வாங்க ஆளில்லை, மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். இந்த நிலையில் அவன் நாடகம் பார்க்க ஆசைப்பட்டான். ஒரு சொல்லும் புரியாது, ஆனாலும் பறக்கும் குதிரைக்குக் கைதட்டுவானாம். பிறகு, போனவர்கள் பெரும்பாலும் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க லாரி வந்தது. ஆண்களை வரிசையில் நிறுத்தினார்கள். அதிகாரிக்கு அன்றைக்கு என்ன குஷியோ, ராஜா குடும்பம் மட்டும் இருக்கட்டும், மற்றவர்கள் ஏறட்டும் என்று மொழிபெயர்ப்பாளன் வழியாகச் சொன்னான். தாத்தா வரிசையோடு நடந்தார். இவன் என் மகன், இவனும் என் மகன் என்று பதினொரு பேரைக் காட்டினார். மூத்த மகனுக்குத் தாத்தாவைவிட ஐந்து வயது கூட. கோழிச் சண்டையில் தாத்தாவோடு பேச்சை நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவது இளவரசர். அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தானாம். பதினொரு பேரும் பிழைத்தார்கள். என் மேசையில் சாப்பிட்ட எல்லோருக்கும் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஒன்பது மணிக்குக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அதே தோட்டத்துக்காரரான லட்சுமி அக்காவிடம்தான் கோயில் சாவி. அறுபது வயதிருக்கும். படியில் உட்கார்ந்து புளி போட்டு விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார். சேகர் சுவரை அளந்தான். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“அக்கா, ஒங்க தாத்தா எத்தனையாவது இளவரசரு? நாம சொந்தக்காரங்களாகூட இருக்கலாம் லா!”

“எங்க தாத்தா தப்படிச்சாரும்மா. பேரு வீரன்.”

“அப்படின்னா அரண்மனை வித்துவான்!”

நான் மட்டும்தான் சிரித்தேன். அவர் விளக்கைக் கீழே வைத்தார்.

“ஒங்க தாத்தா மேடைக்கு வரணும்னா மொத அடி எங்க தாத்தா அடிக்கணும். அன்னிக்கு அவரும் வரிசையில நின்னாரு. ஜப்பான்காரன் அவரையும் காட்டி, இவன் யாருன்னு கேட்டான். ஒங்க தாத்தா இல்லன்னு தலைய ஆட்டிட்டாரு.”

“அவசரத்துல மறந்திருப்பாரு” என்றான் சேகர்.

“மறக்கல தம்பி. எங்க தாத்தா கையெடுத்துக் கும்பிட்டாரு. நாடகத்துக்குத்தானே சாமி, மகன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்கன்னாரு. அதுக்கு ஒங்க தாத்தா, நாடகத்துலகூட நீ என் மகனாக முடியாதுடான்னாரு. எங்க அப்பா சாகிற வரைக்கும் இத இப்படியேதான் சொன்னாரு. லாரியில ஏறுனவரு திரும்பி வரல.”

சேகர் அளவு நாடாவைச் சுருட்டினான். ஏன் என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை. தப்படிக்கிறவர்கள் கடைசி லயத்து வீடுகளில் இருந்தார்கள், அவர்கள் வீட்டில் மற்றவர்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது தெரியாதா? எனக்கு ஆறாம் வகுப்புதான் படிப்பு, அதற்கே புரிந்தது. அப்பனைவிட மூத்த பிள்ளை இருக்கலாம், விரோதி பிள்ளையாகலாம், குதிரைக்கு இறக்கை முளைக்கலாம். அத்தனையும் கற்பனை செய்ய முடிந்த எங்கள் தாத்தாவுக்கு, வீரனைப் பிள்ளை என்று சொல்லும் ஒரு பொய் மட்டும் வாயில் வரவில்லை. எங்கள் வீட்டிலும் கதையைச் சொன்ன எல்லோரும் அந்த இடத்தைத் தாண்டியே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“அக்கா, வீரன் தாத்தா பேரையும் கல்லுல போட்டுடுவோம். எங்க தாத்தா பேருக்குப் பக்கத்துலயே” என்றேன்.

“என்னான்னு போடுவ? பன்னெண்டாவது மகன்னா?”

நாள் முழுக்க அடுத்தவரைக் கிண்டல் செய்கிறவள் நான். சேகர் கையிலிருந்த அளவு நாடாவை வாங்கிப் பைக்குள் போட்டேன்.

“கல்ல வைங்கம்மா, நான் தடுக்கல. பதினொரு பேரு பொழச்சது நெசம்தான். ஆனா எங்க தாத்தா பேரு அதுல வேணாம். அன்னிக்குச் சேக்காத குடும்பத்துல இப்ப எதுக்கு?” என்று சொல்லி மறுபடி விளக்கை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

திரும்பும்போது குருண் வரைக்கும் சேகர் வாதாடினான். “பதினொரு பேர காப்பாத்தினது பொய்யாக்கா? ஒருத்தருக்காக அத்தனையும் அழிச்சிடறதா?”

“அழிக்கல லா. ஆனா ‘மக்களைக் காத்த’ன்னு போடப்போறோம். அந்த மக்கள்ல வீரன் ஒருத்தர் இல்லையா?”

அதற்குப் பிறகு அவன் வானொலியைப் போட்டுக்கொண்டான். அலோர்ஸ்டார் வந்ததும் கல் வெட்டுகிறவருக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குடும்ப வாட்ஸ்அப்பில் அன்று முதல் நான்தான் துரோகி. பெரியண்ணன் இன்னும் பேசவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் இந்தக் கதையில்தான் வளர்ந்தார்.

போகிறவர்களுக்கு: கோயில் காலை பதினொரு மணி வரைதான் திறந்திருக்கும், பிறகு மாலை ஆறுக்கு. குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள், பக்கத்தில் கடை இல்லை. மண் ரோட்டில் தாழ்வான கார் வேண்டாம். வாசலுக்கு வலது பக்கம் வெறும் சுண்ணாம்புச் சுவர் தெரியும், அதில் படம் எடுக்க ஒன்றுமில்லை. லட்சுமி அக்கா படியில் இருந்தால் வீரனைப் பற்றிக் கேளுங்கள், சொல்வார். என் மேசைக்கு வந்து கேட்டாலும் சொல்கிறேன். இப்போதெல்லாம் நடுவில் யாராவது சிரித்தால், கொஞ்சம் பொறுங்கள், இன்னும் ஒருத்தர் வரிசையில் நிற்கிறார் என்கிறேன்.