கடல் மண்ணால் கழுவிய எஞ்சின்

எழுபத்து மூன்றாம் ஆண்டு தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்த மாதங்களில் இரத்தினேஸ்வரியின் குசினியில் சமைக்க இடமில்லை. அடுப்பருகே பிஸ்டன்கள் நின்றன. நெல் அவிக்கும் கிடாரத்தில் சலவைச் சோடா கொதித்தது. அதற்குள் எஞ்சினின் இரும்புத் துண்டுகள் கிடந்து ஊத்தையைக் கறுப்பாகக் கழற்றிக்கொண்டிருந்தன. பின்வாசலில், கவிழ்த்த உரலின் மேல், எஞ்சினின் பெரிய இரும்பு உடல் இருந்தது. லிங்கநகரில் யாரும் அந்த வீட்டுக்குச் சோற்று நேரத்தில் வருவதில்லை.

அவள் அரசாங்கக் கச்சேரியில் தட்டெழுத்தாளர். வயது முப்பத்தாறு. கலியாணம் ஆகவில்லை. அதைப் பற்றி ஊர் பேசி ஓய்ந்துவிட்டது. காரைப் பற்றிப் பேசி ஓயவில்லை.

கார் ஓர் இங்கிலாந்து எம்.ஜி. இரண்டே இருக்கை, கம்பிச் சக்கரங்கள், மடித்துவிடக்கூடிய முன்கண்ணாடி. ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது கப்பலில் ஏற்றாமல் விட்ட பொருள்களில் ஒன்று. கடற்படைக் களஞ்சியத்தில் வேலை பார்த்த அவள் அப்பா யோகலிங்கம் அதை வாங்கினார். அவருக்கு ஓட்ட வரவில்லை. மகள் ஓட்டினாள். அப்பா பக்கத்தில் இருப்பார். வேறு யாருக்கும் இடமில்லை என்பது உறவினருக்குப் பெரிய குறை. "ரெண்டு பேர் ஏறுற வாகனத்தால குடும்பத்துக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்டார்கள். அப்பாவும் மகளும் ஏறி நிலாவெளிக் கடற்கரை வரை போய் வருவார்கள்.

இருவருமாக எஞ்சினைப் பிரித்துப் புதுப் பிஸ்டன் வளையங்களும் பெயரிங்குகளும் வாங்கிவைத்த வருடத்தில் அப்பா இறந்தார். பிரித்தது பிரித்தபடி கிடந்தது. வளவின் முன்பக்கத்துத் தென்னங்கிடுகுக் கொட்டிலில் கார் நின்றது. கடற்காற்று வேண்டிய மட்டும் தின்றது.

ஆனியில் தம்பி தங்கத்துரை விஷயத்தைச் சொன்னான். அவன் துறைமுகத்தில் வின்ச் இயக்குபவன். அந்த வேலை அலுத்துவிட்டது. கொட்டில் றோட்டைப் பார்த்து நிற்கிறது. அந்த இடத்தில் ஒரு சைக்கிள் கடை போடலாம்.

"மாரிக்கு முன்னம் சுவர் எழும்ப வேணும் அக்கா. கொட்டிலைக் கழட்டப்போறன்."

"கார்?"

"அலியார் காக்காவோட கதைச்சனான். பழைய இரும்புக்கு எடுக்கிறாராம்."

"ஓடினால்?"

தங்கத்துரை சிரித்தான். "ஓடினால் ஆர் தொடப்போறான்? தானா ஓடிக் கொட்டிலை விட்டு வெளியில வரட்டும். பிறகு அது உங்கட பாடு."

"தள்ளி வெளியில கொண்டுவந்தால்?"

"தள்ளினால் இரும்பு. ஓடினால் கார்."

"சொல்லு மாறமாட்டாய்?"

"மாறமாட்டன். நீங்களும் அழக்கூடாது."

அவள் அழுகிற ஆள் இல்லை. அடுத்த நாள் கச்சேரியால் வந்ததும் சீலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

எஞ்சினுக்குள்ளே போட வேண்டிய புதுச் சாமான்கள் எண்ணெய்த் துணியில் சுற்றியபடி நன்றாக இருந்தன. கெட்டது வெளியே. எஞ்சின் உடல் முழுக்கத் துரு. அடியில் எண்ணெய் நிற்கும் அலுமினியத் தொட்டி கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. இறக்குமதி எல்லாம் அடைத்துக் கிடந்த காலம். இன்னொரு தொட்டி இலங்கையிலேயே இருக்குமோ தெரியாது. இருப்பதைத்தான் புதிதாக்க வேண்டும்.

அப்பாவின் புத்தகத்தில் "சுத்தமாகக் கழுவி உலர்த்தவும்" என்று இங்கிலீசில் இருந்தது. சுத்தமாகக் கழுவ அவளுக்கு ஒரு வழிதான் தெரியும். அந்தக் கரையில் எல்லா வீட்டிலும் அதுதான் வழி. கரி பிடித்த சட்டியை எப்படிக் கழுவுவார்களோ, அப்படி. கடற்கரையில் ஒரு பெட்டி மண் அள்ளி வந்தாள். எண்ணெய் ஓடும் துளைகளுக்குத் துணி சுற்றிய மரக்கட்டைகளை அடித்து இறுக்கினாள். தேங்காய்ப் பொச்சில் ஈர மண்ணைத் தொட்டுத் தேய்த்தாள். தோள் வலிக்கும் வரை தேய்த்தாள். கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினாள். இரும்பு சாம்பல் நிறத்தில் வந்தது. அலுமினியம் புதுச் சருவச் சட்டி போல மின்னியது. வெயிலில் காயவைத்து, இரும்புக்குக் கப்பல் எஞ்சினுக்கு அடிக்கும் பச்சைப் பெயின்றை அடித்தாள். தகரத்தில் அரைவாசி முடிந்தது.

இரும்பு வியாபாரி அலியார் வந்து பார்த்தார். கிண்ணியா ஆள், ஊருக்கெல்லாம் காக்கா, அதாவது அண்ணன். உள்துறைமுகப் பக்கம் அவருக்கு ஒரு பெரிய கொட்டிலும் ஒரு கைவண்டிலும் இருந்தன.

"என்ர சாமானை ஒருக்காப் பாத்துட்டுப் போவம் எண்டு வந்தனான். சும்மா சொல்லப்படாது தங்கச்சி, என்ர கல்யாணத்துக்குக்கூட என்னை இப்பிடித் தேச்சுக் குளிப்பாட்டேல்ல."

"உங்கட சாமான் எண்டு ஆர் சொன்னது?"

"தம்பி சொன்னவர்."

"தம்பியை மற்றப் பாதியையும் சொல்லச் சொல்லுங்கோ."

ஒரு கிழமைக்குள் பெயின்ற் கொப்பளித்தது. முதலில் ஒன்று இரண்டு. பிறகு அம்மை போட்டதுபோல உடல் முழுக்க. இரத்தினேஸ்வரி ஒரு கொப்பளத்தை நகத்தால் கிள்ளினாள். உள்ளே ஒரு துளி தண்ணீர், அடியில் சிவப்பு. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

திண்ணமாகத் தெரிந்துகொள்ள மற்றத் துண்டுகளைப் பார்த்தாள். மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் மட்டும் பட்ட மேல்மூடியில் அதே பெயின்ற் அப்படியே பளபளத்தது. மண் பட்டவை எல்லாம் கொப்பளித்திருந்தன. கடல் மண். அதைக் கழுவிய கிணறும் கரிப்புக் கிணறு. உப்பை உப்பால் தேய்த்து, உப்பால் அலம்பி, மேலே பெயின்ற் அடித்து மூடியிருக்கிறாள். புத்தகம் எழுதியவனின் ஊரில் தண்ணீர் என்றால் தண்ணீர்தான் போலும்.

"இப்பிடியே பொருத்திப் பூட்டுங்கோ அக்கா," என்றான் தங்கத்துரை. அவன் ஏளனமாகச் சொல்லவில்லை. "ஓட வேணும் எண்டுதானே கதை. வடிவா இருக்க வேணும் எண்டு நான் கேக்கேல்லையே. எஞ்சின் மூடியைத் திறந்து ஆர் பாக்கிறது?"

அவள் தொட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டினாள். எஞ்சினோடு பொருந்தும் விளிம்பில் வெள்ளை பூத்திருந்தது. துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தில் ஊசிமுனைக் குழிகள்.

"இந்த விளிம்பு மட்டமா இருந்தால்தான் எண்ணெய் நிக்கும். உப்பு உள்ளுக்க இருக்கு. இண்டைக்கு ஊசிமுனை. மாரி முடியேக்க கடலைக்கொட்டை போகும். றோட்டில எண்ணெய் எல்லாம் ஒழுகி எஞ்சின் இறுகிச் செத்திடும். கொட்டிலை விட்டு வெளியில வாறதுக்கு மட்டும் நான் இதைச் செய்யேல்ல."

"நாள் இல்லை அக்கா."

"நாட்கணக்கை நான் பாக்கிறன். நீ உன்ர கல்லைப் பார்."

கல் வந்து இறங்கியிருந்தது. கொட்டிலுக்கும் வேலிக்கும் நடுவே செங்கல் அடுக்கு நாளுக்கு நாள் உயர்ந்தது.

அடுத்த முறை அலியார் வந்தபோது அவளே கேட்டாள். "காக்கா, கிண்ணியாவில ஆத்து மண் எடுக்கலாமெல்லோ? உப்புப் படாத மேலாத்து மண். ரெண்டு சாக்கு வேணும்."

அலியார் இடுப்பில் கை வைத்து நின்றார். "இஞ்ச பாருங்க. என்ர இரும்பு எனக்கு வராமத் தடுக்கிறதுக்கு என்னட்டயே மண் கேக்கிறாங்க."

"ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ."

"ஏலாதெண்டு ஆர் சொன்ன? ஓடாட்டி எனக்குக் கழுவின இரும்பு கிடைக்கும். ஊத்தையை நிறுத்து வாங்கினா நட்டம் எனக்குத்தானே."

துறையைக் கடக்கும் பாதைத் தோணியில் மண் வந்து சேர்ந்தது. தண்ணீர்தான் மிச்சம்.

நல்ல தண்ணீர் சந்தியில் இருந்த பொதுப் பைப்பில் வரும். விடிந்ததும் கொஞ்ச நேரம், பிறகு இருமிவிட்டு நின்றுவிடும். ஒரு வீட்டுக்கு ஒரு முறைக்கு ஒரு குடம் என்று பெண்கள் தங்களுக்குள் வைத்த சட்டம். குடமே வரிசையில் நிற்கும், ஆள் பக்கத்தில் நிழலில் நிற்பாள். இரத்தினேஸ்வரி குடத்தைக் கொண்டுபோய் வைத்ததும் அடுத்த வீட்டு இலட்சுமி குரலை உயர்த்தினாள்.

"கேட்டியளே? நாங்கள் பிள்ளையளுக்குக் குடிக்கத் தண்ணிக்கு நிக்கிறம். இவ இரும்பைக் கழுவ வாறா. ரத்தினமக்கா, இரும்புக்கும் தாகம் எடுக்குமோ?"

"எடுக்கும். அதுக்கும் உம்மட நாக்கு மாதிரி நாக்கு. கரிச்ச தண்ணி பிடிக்காது."

பெண்கள் சிரித்தார்கள். இலட்சுமி சிரிக்கவில்லை. "சிரிப்பில்லை அக்கா. இது குடிக்கிற தண்ணி."

அவள் சொன்னது நியாயம். இரத்தினேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். "என்ர வீட்டுப் பங்குக்கு மேல ஒரு துளி எடுக்கமாட்டன். நாங்கள் கிணத்துத் தண்ணியைக் குடிக்கிறம். எங்கட பங்கை எஞ்சின் குடிக்கட்டும். அதுக்கு உமக்கு ஏதும் சொல்ல இருக்கோ?"

இலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். "விசர்," என்றாள். தன் குடத்தை நகர்த்தி இடம் விட்டாள்.

அன்று பின்னேரம் தங்கத்துரை தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு வெளியே துப்பினான்.

"என்னக்கா இது?"

"கிணத்துத் தண்ணி. உன்ர பங்கை எஞ்சின் குடிச்சிட்டுது."

"கடைக்கு இடம் கேட்டதுக்கு இப்பிடி ஒரு தண்டனையோ?"

"சீனியைக் கூடப் போடு."

"சீனி எங்க இருக்கு?"

சீனியும் இல்லாத வருடம் அது. அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் குடித்தான். அதற்குப் பிறகு துறைமுகத்தில் குடித்துவிட்டு வந்தான்.

அவள் பச்சைப் பெயின்றை எல்லாம் சோடாவில் அவித்துக் கழற்றினாள். இரும்பை ஆற்று மண்ணால் மறுபடி தேய்த்தாள். அலுமினியத்தைச் சோடாவில் போடவில்லை, அது அலுமினியத்தையே தின்னும். மெல்லிய துணியில் மண்ணெண்ணெய் தொட்டு விரல் விரலாகத் துடைத்தாள். பிறகு பைப்புத் தண்ணீரால் அலம்பினாள். உப்புப் போய்விட்டதா என்று எப்படி அறிவது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். அலம்பிக் கடைசியாக வடிந்த தண்ணீரைப் பீங்கானில் பிடித்து வெயிலில் வைத்தாள். தண்ணீர் வற்றியதும் பீங்கானில் வெள்ளைப் படலம் இருந்தது. மறுநாள் மறுபடி அலம்பினாள். மறுபடி படலம், கொஞ்சம் மெல்லியது. கச்சேரிக்குப் போகுமுன் பீங்கானை வெயிலில் வைப்பாள், வந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். கோவில் திருவிழா வந்து போனது. செங்கல் அடுக்கு வேலியை மறைத்தது. ஒரு பின்னேரம் பீங்கானில் எதுவும் இருக்கவில்லை. பைப்புத் தண்ணீரைத் தனியே வேறு பீங்கானில் வற்றவைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒன்று.

தொட்டியின் விளிம்பில் குழிகள் இருந்தன. அதைத் தேய்த்து மட்டமாக்க மட்டமான ஒரு தளம் வேண்டும். வீட்டில் மட்டமான பொருள் ஒன்றுதான். அவள் அலுமாரிக் கதவின் நிலைக்கண்ணாடியைக் கழற்றித் தரையில் படுக்கவைத்தாள். வால்வு தேய்க்கும் பசையைத் தடவி, தொட்டியைக் கவிழ்த்து எட்டு எழுதுவதுபோல நகர்த்தினாள். கண்ணாடி தன் முகத்தை இழந்து கொண்டே போனது. விளிம்பு முழுக்க ஒரே சாம்பல் நிறம் ஆனதும் நிறுத்தினாள்.

சிரட்டைத் தணலில் இரும்பை இளஞ்சூடாக்கி, மீதிப் பெயின்றை மெல்லிய படையாக இழுத்தாள். தகரத்தின் அடியை வழித்தும் ஒரு மூலை பச்சையாகவில்லை. அந்த மூலைக்குத் தங்கத்துரை கடைப் பலகைக்கு வாங்கி வைத்திருந்த நீலத்தை அடித்தாள். ஒரு கிழமை காத்திருந்தாள். பெயின்ற் அசையவில்லை. பூட்டத் தொடங்கினாள்.

காற்று மாறியது. வடக்கே சல்லிக் கரைப் பக்கம் மேகம் ஏறியது. மேசன் கடைச் சுவருக்கு நூல் கட்ட வந்த காலை, எஞ்சின் காருக்குள் இருந்தது. முதல் நாள் தங்கத்துரையும் அலியாரும் கயிறு கட்டி இறக்கிவிட்டார்கள். தூக்குவது தள்ளுவதில் சேராது என்று மூவரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். பற்றரி, தங்கத்துரையின் கூட்டாளி ஒருவனின் லொறியுடையது. அலியார் கைவண்டிலோடு வந்து வாசலில் நின்றார். இலட்சுமியும் வேலிக்கு மேலால் பார்த்தாள்.

இரத்தினேஸ்வரி ஏறி இருந்தாள். தங்கத்துரை முன்னால் நின்று எஞ்சினைக் கிளப்பும் கைபிடியைச் சுழற்றினான். ஒன்றும் இல்லை. மறுபடி. ஒன்றும் இல்லை. அவள் இறங்கிப் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டினாள். மறுபடி சுழற்றினான். எஞ்சின் ஒரு தும்மல் தும்மிக் கைபிடியைத் திருப்பி அடித்தது. அவன் கையை உதறினான்.

"அக்கா, கை போச்சு."

"நெருப்பு முந்திப் பிடிக்குது. பொறு." டிஸ்ரிபியூட்டரைத் தளர்த்தி மயிரிழை திருப்பி இறுக்கினாள். மழை கிடுகில் விழத் தொடங்கியது. மேசன் வானத்தைப் பார்த்தான். அலியார் கைவண்டிலை விட்டுக் கொட்டிலுக்குள் வந்தார். அவர் கேலி பகிடி விடாமல் நின்றதை அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

"நான் சுத்தவோ தங்கச்சி?" என்றார் கடைசியில்.

"நீங்களோ?"

"தம்பிக்குக் கை ஏலாது. சுத்துறது தள்ளுறது இல்லைத்தானே?"

அலியார் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சுழற்றினார். எஞ்சின் பிடித்தது. கொட்டில் முழுக்க நீலப் புகை. கிடுகிலிருந்து பல வருடத் தூசு கொட்டியது. அவள் இறங்கிக் குனிந்து தொட்டியின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினாள். விரல் உலர்ந்திருந்தது. ஏறிக் கியரைப் போட்டாள். கார் செங்கல் அடுக்கை உரசாமல் வெளியே வந்து மழைக்குள் நின்றது.

தங்கத்துரை மேசனுக்குத் தலையசைத்தான். கொட்டிலின் முதல் வரிச்சுத் தடி விழுந்தது.

காருக்கு இப்போது கூரை இல்லை. அதன் துணி மூடி எப்போதோ உக்கி உதிர்ந்துபோயிருந்தது. மழை இருக்கையில் விழுந்து தேங்கியது.

"இனி எங்க விடப்போறீங்க அக்கா?" என்று தங்கத்துரை கேட்டான். இவ்வளவு மாதமும் இருவரும் அதை யோசித்திருக்கவில்லை.

அவள் அலியாரைப் பார்த்தாள். "காக்கா, உங்கட கொட்டில் ஒழுகுமோ?"

"ஒழுகாது. தகரம்." சொல்லிவிட்டுத்தான் அவருக்கு விளங்கியது. "தங்கச்சி, அங்க நங்கூரம் கிடக்கு, கொதிகலம் கிடக்கு, இடமே இல்லை."

"இந்தக் காருக்கு இடம் வச்சுத்தானே இருப்பியள்."

அலியார் தன் கைவண்டிலைப் பார்த்தார். அதைத் திருப்பினார். அவள் கிளச்சை விட்டாள். கார் சந்தியைத் தாண்டி, பைப்பைத் தாண்டி, துறைமுகப் பக்கம் இறங்கியது. வெறும் கைவண்டிலை இழுத்துக்கொண்டு அலியார் பின்னால் ஓடினார். நங்கூரத்தில் இடிக்க வேண்டாம், கொட்டிலைப் பூட்டின திறப்புச் சாவி தன்னிடம்தான் இருக்கிறது, நில்லுங்கோ என்று மழைக்குள் கத்திக்கொண்டே ஓடினார்.