ஒரு சாக்குக்கு வாங்கிய பச்சைக் குடம்

அந்தச் சாக்கைத் தூக்கிக் கொடுத்தது நான்தான் என்று அண்ணனுக்குத் தெரியுமா? ஐந்து வருடங்களாக இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இனி அவரிடம் கேட்கவும் முடியாது. என் சமையலறைக் குழாயடியில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் இருக்கிறது. வாய்ப்பக்கம் வெளுத்து, அடியில் ஒரு கீறல் விழுந்து, ஆனாலும் ஒழுகாமல் இருக்கிறது. திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் எந்தக் குடத்தையும் தூக்கிப் போட மாட்டோம். இந்தக் குடத்தை நான் வைத்திருப்பதற்கு அது மட்டும் காரணமில்லை.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். வடமதுரைக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலை. பத்தாவது படிக்கும்போது, பஸ்ஸுக்காக நின்றவரை ஒரு சிவப்புக் கார் கடந்து போனதாம். அப்படி வேகம் எடுக்கிற கார் அப்போது எங்கள் பக்கத்து ரோட்டில் கிடையாது. "காரு வடமதுரையத் தாண்டிருச்சு பாப்பா, சத்தம் இன்னும் அய்யலூர்ல நிக்குது" என்பார். சொல்லும்போதெல்லாம் தூரம் கொஞ்சம் கூடும். கம்பெனி அந்தக் காரைத் தயாரிப்பதை நிறுத்திப் பல வருடம் கழித்து, சிறுமலை அடிவாரத்தில் ஒரு வாழைத்தார் வியாபாரியின் பலா மரத்தடியில் சருகு மூடிக் கிடந்த ஒன்றைப் பார்த்து, விலை பேசி, வீட்டுக்கு இழுத்து வந்தார்.

எஞ்சின் ஒரு வருடத்தில் உயிர் பெற்றுவிட்டது. இரும்போடு பழகிய கை அவருக்கு. காரின் உள்பக்கம்தான் அவரைப் படுத்தியது. முன்பு வைத்திருந்தவர்கள் சீட்டுக்கு மேல் நீல ரெக்ஸின் தைத்திருந்தார்கள். கியர் கம்பியின் தலையில், உள்ளே ரோஜாப்பூ இருக்கும் கண்ணாடி உருண்டை ஒன்றைத் திருகியிருந்தார்கள். கதவின் உள்பலகையில் வேறு ஏதோ காரின் துணி. அண்ணனுக்கோ கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே வேண்டும்: சாம்பல் நிறத்தில் நடுவே சிவப்புக் கோடு ஓடும் சீட்டுத் துணி, தோல் தைத்த கியர் குமிழ், ஸ்பீக்கரை மூடும் வலை, சிகரெட் பிடிக்காத அவருக்கு அந்தச் சாம்பல் கிண்ணமும்கூட. விடுமுறை நாளெல்லாம் மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் என்று பழைய கார்களை உடைக்கும் இடங்களில் அலைந்தார். "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட உங்கண்ணே இம்புட்டு விசாரிக்கல" என்று அண்ணி கேலி செய்வார். மூன்று வருடத்தில் ஒவ்வொன்றாக எல்லாம் சேர்ந்தன. சீட்டுத் துணியைத் துவைத்து, நிழலில் உலர்த்தி, மற்ற சாமான்களோடு ஒரு உரச் சாக்கில் வைத்து, அண்ணியின் பழைய சேலைக் கிழிசலால் வாயைக் கட்டிக் கொட்டகையில் வைத்தார். பொங்கல் லீவில் எல்லாவற்றையும் மாட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பொங்கலுக்கு நான் ஏழு மாதக் கர்ப்பிணியாக அம்மா வீட்டில் இருந்தேன். எங்கள் பக்கம் பொங்கலுக்கு முன்னால் வீடு ஒழிப்போம். ஒரு வருடத்துக் குப்பை அந்த இரண்டு நாளில் வெளியே போக வேண்டும். என்னைச் சும்மா உட்காரச் சொன்னார்கள். எனக்குச் சும்மா இருக்க வராது. அந்த மாதங்களில் எதைப் பார்த்தாலும் பயமாக இருந்தது. எலி, தேள், பூரான் எல்லாம் பிறக்கப் போகும் குழந்தையின் தொட்டிலுக்கு அடியில் ஊர்வதுபோல் கனவு வரும். கொட்டகை மூலையில் அந்தச் சாக்கைப் பார்த்ததும் உள்ளே எலி குட்டி போட்டிருக்கும் என்றுதான் தோன்றியது. கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். உடைசல் பிளாஸ்டிக், சாயம் போன துணி, மக்கிய வாடை. காரின் சாமான் என்று எனக்குத் தெரியவில்லை என்று பலமுறை எனக்கே சொல்லியிருக்கிறேன். சேலைக் கிழிசலை அவ்வளவு அழகாக முடிந்திருந்ததைப் பார்த்த பிறகும் தெரியவில்லையா என்று இப்போது என்னையே கேட்கிறேன்.

அந்த நேரம் தெருவில் பழைய சாமான் வாங்குகிறவரின் வண்டி வந்தது. அம்மா குளித்துக்கொண்டிருந்தார். அண்ணி, ஒழித்த குப்பையை மூன்று மூட்டையாகக் கட்டிப் பஞ்சாயத்துக் குப்பை வண்டியில் போடப் போயிருந்தார். வண்டிக்காரப் பெரியவர் சாக்கைத் தூக்கிப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் மக்கு தருவதாகச் சொன்னார். நான் பக்கெட்டாவது கொடுங்கள் என்று பேரம் பேசினேன். என் வயிற்றைப் பார்த்தவர், "பிள்ளத்தாச்சிப் பொண்ணு கேக்குறே. கொடத்தையே எடுத்துக்க தாயி" என்று பச்சைக் குடத்தை எடுத்துக் கொடுத்தார். எனக்கு அன்று முழுவதும் பெருமையாக இருந்தது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. குடம் ஏது என்று அம்மா கேட்டதற்குப் பழைய பேப்பர் போட்டு வாங்கியதாகச் சொன்னேன். அப்போது அது பொய் என்றுகூடத் தோன்றவில்லை. பேப்பரும் கொஞ்சம் போட்டிருந்தேன்.

சாயங்காலம் மில்லிலிருந்து வந்த அண்ணன் கொட்டகைக்குப் போனார். செத்த நேரத்தில் திரும்பி வந்து, சாக்கு எங்கே என்று மெதுவாகத்தான் கேட்டார். அம்மா உடனே அண்ணியைப் பார்த்தார். இரண்டு நாளுக்கு முன்புதான் அண்ணி, இந்த மூட்டையை ஒருநாள் தூக்கி எறிந்துவிடப் போவதாக விளையாட்டாகச் சொல்லியிருந்தார். "சொன்னபடியே செஞ்சுட்டியா ஆத்தா?" என்றார் அம்மா. அண்ணி, மூன்று மூட்டை போட்டேன், எது எதில் இருந்தது என்று பார்க்கவில்லை என்று தடுமாறி, கடைசியில் "அதுல கலந்து போயிருச்சு போலங்க" என்று அவரே சொல்லிவிட்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன். பாப்பா, நீ பார்த்தாயா என்று அண்ணன் என்னிடமும் கேட்டார். எனக்குத் தெரியாதே என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வெளியேறியபோது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அண்ணன் சத்தம் போடவில்லை. துணி மாட்டுவதற்காக ரெக்ஸினை உரித்திருந்த சீட்டின் கம்பிக் கூட்டில் போய் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து சாப்பிட்டார். "சரி விடு. மறுபடியும் தேடிக்கிருவோம்" என்று அண்ணியிடம் சொன்னார். அண்ணிக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. காலையில் சொல்லிவிடலாம் என்று படுத்தேன். காலையில், பொங்கல் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு குழந்தை பிறக்கட்டும் என்று.

மகள் பிறந்து மூன்றாம் மாதம் என்னைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்து விட அண்ணன்தான் வேன் பிடித்தார். தொட்டில், பாய், மருந்து எல்லாவற்றையும் பின்னால் ஏற்றியவர், அந்தப் பச்சைக் குடத்தை மட்டும் கையில் எடுத்துவந்து, என் காலடியில் சாயாமல் நிற்கிற மாதிரி வைத்தார். "பத்தரமா வச்சுக்க பாப்பா" என்றார். எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் சொல்வார். அன்று அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பிள்ளையின் தலையைப் பிடித்திருந்தேன். பார்த்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்குமோ?

அதற்கடுத்த வருடம் ஒரு பகல் ஷிப்டில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் இரண்டு நாள்தான் இருந்தார். நாற்பது வயது நிறையவில்லை. காரில் சீட்டின் கம்பிக் கூடு அப்படியே இருந்தது.

காரியம் முடிந்த கையோடு காரை விற்றுவிடலாம் என்று அம்மா பேச்செடுத்தார். அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அண்ணிக்குக் கார் ஓட்டவும் தெரியாது. அண்ணனின் போனில் இருந்த படங்களைப் பார்த்து ஒவ்வொரு சாமானின் பெயரையும் படித்துக்கொண்டார். தையல் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பிவிடுவார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடப் போவேன். ஸ்பீக்கர் வலை திருச்சியில் கிடைத்தது. சாம்பல் கிண்ணம் கோயம்புத்தூரில், ஒருவர் ஸ்க்ரூ போட்டு வைத்திருந்த டப்பாவாக. "நீங்க எதுக்கு அண்ணி இப்படி அலையுறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "நான் தொலைச்சத நான்தானே பாப்பா தேடணும்" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை.

சென்ற மாதம் ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோப்பில் அதே மாதிரிக் கார் ஒன்று கிடப்பதாகத் தெரிந்து போனோம். சக்கரம் இல்லை. கதவைத் திறந்ததும் கோழிகள் பறந்தன. தோட்டக்காரருக்குச் சிரிப்பு. "ஏனுங்க, இந்தச் சீட்டுக்கா இத்தன தூரம் வந்தீங்க? எங்க கோழிதான் இதுல முட்டை வைக்குதுங்க" என்றார். மேலே கிழிந்த ரெக்ஸின். அண்ணி கொண்டுபோயிருந்த கத்தரிக்கோலால் ஓரத் தையலை ஒவ்வொன்றாக வெட்டினார். அடியில், வெயிலும் கோழியும் படாத சாம்பல் துணி, நடுவே சிவப்புக் கோடு. அண்ணி அதன்மேல் உள்ளங்கையை அழுத்தித் தடவினார். பிறகு, "கியர் குமிழ் மட்டுந்தான் பாக்கி. அதுவும் கிடைச்சாத்தான் அவுக படத்துக்கு முன்னால நிமிந்து நிப்பேன்" என்றார். நான் வாயைத் திறந்தேன். அண்ணி என்று கூப்பிட்டும் விட்டேன். மகள் கொய்யாக் கிளையைப் பிடித்துத் தொங்குவதைப் பார்த்து, விழுந்துவிடுவாளே என்று அண்ணி ஓடினார். அவள் இறங்கி வந்தபோது எனக்குத் தைரியம் போயிருந்தது.

மறுவாரம், யாருக்கும் சொல்லாமல், அந்தப் பழைய சாமான் பெரியவரைத் தேடிப் போனேன். இப்போது வண்டி ஓட்டுவதில்லை. மகனின் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. உரச் சாக்கு, கார்ச் சாமான் என்றதும் நிமிர்ந்தார். அந்தப் பொங்கலை ஒட்டி ஒருவர் வந்து அப்படித்தான் கேட்டாராம். சாக்கு அதற்குள் பிளாஸ்டிக் அரைக்கப் போய்விட்டதாம். கொடுத்தது யார் என்று வந்தவர் கேட்டாரா, நீங்கள் சொன்னீர்களா என்றேன். "கேட்டாரு. சொன்னேனா, சொல்லலையான்னுதான் நெனப்பில்ல தாயி" என்றார்.

ஆக, அண்ணன் அங்கே வரைக்கும் வந்திருக்கிறார். ஒரு பச்சைக் குடத்தின் பேச்சு அங்கே எழுந்திருக்கலாம். எழாமலும் இருக்கலாம். தெரிந்திருந்தால், என்னைக் காப்பாற்றுவதற்காக அண்ணியின் தலையில் பழி இருக்கட்டும் என்று விட்டுவிட்டாரா? அவர் அப்படிப்பட்டவர் இல்லை. தெரிந்த பிறகு அண்ணியிடம் சொல்லியிருப்பாரோ, சொல்லியும் அண்ணி என்னிடம் காட்டிக்கொள்ளவில்லையோ என்றுகூட யோசிக்கிறேன். ஆனால் அந்தத் தோப்பில் துணியைத் தடவிய கை, எதுவும் தெரியாதவருடைய கை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் ஒருவரிடம் கியர் குமிழ் இருப்பதாகத் தகவல். என்னையும் வரச் சொல்ல அண்ணி நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். தாகமாக இருக்கிறது என்று, நான் எழுவதற்குள் தானே சமையலறைக்குப் போய், அந்தப் பச்சைக் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிக் குடித்தார். என் மகளுக்கும் ஒரு தம்ளர் கொடுத்தார். "கொடம் இன்னும் உழைக்குதே பாப்பா" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

இதைப் படிக்கிறவர்களைக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சொல்லிவிட்டால் அண்ணியின் பாரம் இறங்குமா, இல்லை அவர் அலைந்த அலைச்சல் எல்லாம் அர்த்தமில்லாமல் போய்விடுமா? என் மகள் என்னைவிட அவரிடம்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அவர் இந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டால் அவளுக்கு என்ன சொல்வேன்? குமிழை மாட்டி முடிக்கும்வரை பொறுப்பதா, அதற்கு முன்பே சொல்வதா? இப்படி ஒன்றை வருடக்கணக்கில் மறைத்துப் பிறகு சொன்னவர்கள் யாராவது இருந்தால், முதல் வார்த்தையாக என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.