அம்மா சொல்லாமல் விட்ட ஊர்

பேச்சு திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். சென்ற தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை அது. தருமபுரியில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் நானும் அம்மாவும் நின்றிருந்தோம். உள்ளே அப்பா கண்களைத் திறந்தபடி கிடந்தார். எங்களை அடையாளம் தெரிகிறதா என்பதைக்கூட எவராலும் கூற இயலவில்லை. நான் அதிகம் பேசுபவள் அல்லள். எங்கள் பங்குக் கோயிலில் சாட்சி சொல்ல அழைத்தபோதும், எழுதித் தருகிறேன் என்றுதான் கேட்டுக்கொண்டேன்.

அப்பா முப்பத்தோரு ஆண்டுகள் லாரி ஓட்டினார். அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டைத் தாண்டிச் செல்லும் நெடுஞ்சாலைதான் அவரை நாக்பூர் வரை கொண்டுபோனது. அது குறுகிய சாலையாக இருந்த காலத்தில் ஓட்டத் தொடங்கியவர். எஸ்.டி.டி. பூத்துகள் தோன்றி மறைந்ததையும், புளியமரங்கள் வெட்டப்பட்டு மேம்பாலங்கள் எழுந்ததையும் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பார்த்தவர். நான் பிறந்த அன்று அவர் கர்னூலில் இருந்தார். என் முதல் நற்கருணை நாளில் எங்கிருந்தார் என்பது அவருக்கே நினைவில்லை.

அவர் வெளியூரில் இருக்கும் நாட்களில், மாலைச் செபமாலை முடிந்ததும் அம்மா ஒரு மன்றாட்டைச் சேர்ப்பார். அது எந்தச் செபப் புத்தகத்திலும் இல்லை. கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, சிக்கபள்ளாபூர், பெனுகொண்டா, அனந்தபூர், கர்னூல் என்று அப்பா கடக்கும் ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒவ்வோர் ஊருக்கும் நான், "ஆண்டவரே, அவரைக் காத்தருளும்" என்பேன். அந்நாட்களில் அம்மா ஓசூரைத் தாண்டியதே இல்லை. ஆனாலும் வரிசை ஒருநாளும் தவறியதில்லை. அப்பா தொலைபேசியில் சீண்டுவார்: "இப்ப எங்க நிக்கறேன், சொல்லு பாக்கலாம்."

"எங்க நின்னாலும் சாப்புட்டுட்டு நில்லுங்க" என்பார் அம்மா.

எனக்கென்று தனியாக ஒரு மன்றாட்டு இருந்தது. அப்பா வண்டியை விட்டுவிட்டு வீட்டோடு இருக்க வேண்டும். பத்து வயதிலிருந்து அதையே கேட்டேன்.

அந்தத் தவக்காலம் தொடங்கிய வாரத்தில், தேங்காய் லோடு ஏற்றிச் சென்றவர் அனந்தபூர் அருகே பக்கவாதத்தால் சாய்ந்தார். எப்படியோ வண்டியை ஓரம் கட்டியிருந்தார். எதிரே பஞ்சர் கடை வைத்திருந்த பாய் ஒருவர்தாம் கண்டார். லாரிக்காரர்களிடம் கற்ற தமிழில் அவர் பிறகு எங்களிடம் தொலைபேசியில் சொன்னார்: "உங்காளு வண்டிய நிறுத்துனா மொதல்ல எறங்கி டயரை ஒரு உதை விடுவாரும்மா. அன்னிக்கு எறங்கவே இல்ல. அதான் ஓடுனேன்." அவர் ஆம்புலன்சில் உடன் ஏறியிராவிட்டால் இந்தச் சாட்சியே இல்லை.

அங்கே முதல் சிகிச்சை முடிந்ததும் தருமபுரிக்குக் கொண்டுவந்தோம். வலக்கையும் வலக்காலும் அசையவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. அப்பா இனி வண்டி ஓட்டமாட்டார். இப்படியா கேட்டேன் ஆண்டவரே என்று அழுதேன். பிறகு அழுகையும் நின்றது. செபிக்க வாய் எழவில்லை. நான் இலக்கியம் படிப்பவள். ஒரு சொல்லும் எனக்கு உதவவில்லை.

அம்மா விடவில்லை. மாலைதோறும் கட்டிலருகே அதே ஊர்களைச் சொன்னார். நான் வாய் திறக்காததால் பதிலையும் அவரே சொன்னார். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த பெண் சிரித்தார்: "என்னங்கக்கா, கண்டக்டராட்டம் ஊர்ப்பேரா சொல்றீங்க. இதுவா செபம்?"

"அவரு அந்த ஊருங்கள்லதானுங்க முப்பது வருசம் இருந்தாரு. வூட்டுல எங்க இருந்தாரு?" என்றார் அம்மா.

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். பெனுகொண்டாவுக்குப் பின் அம்மா நேராகக் கர்னூலுக்குப் போய்விட்டார். வராந்தாவுக்கு அழைத்து வந்து கேட்டேன்.

"அந்தப் பாழாப்போன ஊரு பேரு என் வாயில வராது பாப்பா."

அப்பா விழுந்த பத்தொன்பதாம் நாள் மாலை. பெனுகொண்டா என்றார் அம்மா. கர்னூல் என்றார். அப்பாவின் இடக்கை கட்டில் கம்பியைத் தட்டியது. வலிக்கிறதோ என்று எழுந்தேன். மீண்டும் தட்டினார். அம்மா ஒன்றும் புரியாமல் முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி கர்னூல் என்றதும் அப்பாவின் முகம் சுருங்கியது. கோணிய வாயிலிருந்து, எச்சிலோடு, ஒரு சொல் வந்தது.

"அ... னந்த... பூரு."

அத்தனை ஆண்டுகள் ஓட்டியவருக்கு ஓர் ஊரை விட்டுவிட்டுப் போவது பொறுக்கவில்லை. எங்களை அறிந்திருந்தார். அத்தனை மாலைகளிலும் ஒவ்வோர் ஊராக எங்களோடு வந்துகொண்டிருந்தார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நான், பல நாட்களுக்குப் பின், "ஆண்டவரே, அவரைக் காத்தருளும்" என்றேன்.

வலக்கை திரும்பவில்லை. தண்ணீர் கேட்கவும் அப்பா இன்னும் திணறுகிறார். என் பெயர் அவர் வாயில் இன்னும் வரவில்லை. ஊர்களை மட்டும் வரிசையாகச் சொல்கிறார். மாலைச் செபத்தில் இப்போது அவரே முன்சொல்கிறார். நாங்கள், "காத்தீர் ஆண்டவரே, நன்றி" என்கிறோம். கர்னூல் வரும்போது என்னைப் பார்க்கிறார்.

இதைப் படிக்கும் சகோதர சகோதரிகளே, நான் கேட்டதை நான் எண்ணியபடி ஆண்டவர் தரவில்லை. ஆனால் அப்பா விழுந்த இடத்துக்கு எதிரிலேயே ஒருவரை உட்கார்த்தி வைத்திருந்தார். உங்கள் வழியிலும் பெயர் சொல்லப் பிடிக்காத ஓர் இடம் இருக்கலாம். செபிக்கும்போது அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அங்கும் சற்று நின்று நன்றி சொல்லிப் பாருங்கள்.

அனந்தபூர் வரும்போது அப்பா நிறுத்திவிடுகிறார். அம்மா சொல்லும்வரை காத்திருக்கிறார். சில மாலைகளில் நெடுநேரம் ஆகிறது. ஆனாலும் அம்மா சொல்லிவிடுகிறார்.