நீலவால் எலிகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். எலிகளோடு வேலை செய்யப் போனபோதாவது அதைப் பிலிமத்தலாவையில் இருக்கும் என் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

வெட்டுக்காயப் பூண்டுதான் என் ஆராய்ச்சி. வேலியோரம் தானாக முளைத்துக் கிடக்கும் பச்சிலை. கை வெட்டுப்பட்டால் கசக்கி வைப்பார்கள். அது உண்மையிலேயே வலியைக் குறைக்கிறதா, காயத்தை ஆற்றுகிறதா என்று நான் எலிகளிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். பட்டத்துக்கு அதுதான் கடைசித் தவணை. இனி நீடிப்பு இல்லை என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

வலிச் சோதனை சுலபம். எலியைச் சூடான தட்டில் விட்டு, அது பாதத்தை நக்கும்வரை நொடிகளை எண்ணி, நக்கியதும் தூக்கிவிட வேண்டும். பச்சிலைச் சாறு குடித்த எலிகள் தாமதமாக நக்கின. நான் குதூகலித்தேன். எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மட்டும் அந்த நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவார். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் முன்பு கொழுந்து பறித்தவர் அவர்.

வம்பு காயச் சோதனையில் வந்தது. மயக்க மருந்து கொடுத்து, எல்லா எலிகளின் முதுகிலும் ஒரே அளவில் சிறு காயம். வாலில் சிவப்பு மை பூசியவற்றுக்குப் பச்சிலைக் களிம்பு. நீல மை பூசியவற்றுக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. சிவப்பு முந்த வேண்டும், நீலம் பிந்த வேண்டும். என் பட்டம் அந்த இடைவெளியில்தான் இருந்தது.

இரண்டும் சமமாக ஆறின. பிறகு நீலம் முந்தியது. அளவுகோலைத் திட்டினேன், களிம்பைத் திட்டினேன், பச்சிலையையும் விடவில்லை. ஒருநாள் ஒரு நீலவாலின் முதுகு மயிரில் பச்சைக் கறை தெரிந்தது.

"அக்கா, இது என்ன பச்சை?"

"நான்தான் மிஸ் கசக்கி வச்சேன். காலையில, நீங்க வர்றதுக்கு முன்னாடி." ஒளிக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. "மருந்த கையில வச்சிக்கிட்டு எப்புடி மிஸ் சும்மா பாத்துக்கிட்டு இருக்கிறது?"

நான் கத்திய கத்தலில் எலிகள் மூலைக்கு ஓடின. பிறகு குரலை இறக்கி, வித்தியாசத்தைக் காட்டாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள் என்று விளக்கினேன்.

"இத நம்புறதுக்கு எலி வேணுமா மிஸ்?"

அவருடைய கசக்கிய இலை என் களிம்பை வென்றிருந்தது வேறு எரிச்சலாக இருந்தது.

நீலவால்களிலும் இலை பட்டதால் சோதனை கைவிடப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதினேன். யார் கை என்று எழுதவில்லை. புதிய எலிகளோடு முதலிலிருந்து தொடங்கினேன்.

"தொடமாட்டேன் மிஸ். உங்க படிப்பாச்சே" என்றார் அக்கா.

தினமும் நீலவால்களில் பச்சை தேடினேன். ஒன்றும் இல்லை. சிவப்புவால்களின் முதுகு மூடிக்கொண்டு வர, நீலவால்களின் காயம் மட்டும் அப்படியே கிடந்தது. அளக்கும்போது நானே அவற்றிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியிருந்தேன்.

கடைசி நாள் கணக்கு நன்றாக வந்தது. பட்டம் கைக்கு வந்துவிட்ட சந்தோஷத்தில் குறிப்பேட்டை மூடினேன்.

"அக்கா, அளந்து முடிஞ்சிது. இனி வைங்க."

வேலிப் பக்கம் போவார் என்று நினைத்தேன். அவர் தன் பையைத் திறந்து பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலத்தை எடுத்தார். இலைகள் பச்சையாக இருந்தன. அதற்கு அடியில் இன்னும் பல பொட்டலங்கள் கிடந்தன. எல்லாம் வாடிச் சருகாகியிருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது.

"என்னைக்கு சொல்வீங்கன்னு தெரியாதுல்ல மிஸ்" என்றபடி இலையைக் கசக்கத் தொடங்கினார். "அதான் தினமும் பறிச்சிக்கிட்டு வந்தேன்."